கரும்புக்குப் போட்ட எல்லைக்கோடு: போட்டிச் சட்டத்தில் ஒன்றியமும் மாநிலமும்

சந்தையில் போட்டியைக் காப்பதற்கென்று இந்தியா முழுமைக்கும் ஒரே சட்டம்தான் இருக்கிறது. அது நாடாளுமன்றம் இயற்றிய போட்டிச் சட்டம், 2002. அதை நடைமுறைப்படுத்துவதும் டெல்லியில் இயங்கும் இந்தியப் போட்டி ஆணையம் என்ற ஒரே அமைப்புதான். ஆனால் அதே சந்தையில் யார் விற்கலாம், யாரிடம் விற்க வேண்டும், என்ன விலைக்கு என்று கட்டளையிடும் சட்டங்கள் ஏராளம். அவற்றில் பெரும்பகுதி மாநிலங்கள் இயற்றியவை. மற்றவை ஒன்றிய அரசு இயற்றி, மாநிலங்கள் கையாள்பவை. போட்டியை வளர்க்கச் சொல்லும் சட்டமும் போட்டியைக் கட்டுப்படுத்தும் சட்டமும் ஒரே பொருளின் மேல் வந்து நிற்கும்போது எது செல்லும் என்பதே கேள்வி.

கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு உரிய எல்லாமே இருக்கின்றன. எம்.ஆர். கிருஷ்ணமூர்த்தி கூட்டுறவு சர்க்கரை ஆலையும் அதற்குப் பதிவு செய்து கரும்பு போடும் விவசாயிகளும் இருக்கிறார்கள். நெல்லும் உளுந்தும் ஏலம் போகும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது. அருகே நெய்வேலியில் ஒன்றிய அரசின் சுரங்கமும் அனல்மின் நிலையங்களும் இயங்குகின்றன. மதுவை விற்கும் மாநில அரசு நிறுவனம் எல்லா ஊரிலும் போலவே இங்கும் உண்டு. இவற்றில் ஒவ்வொன்றிலும் போட்டி ஏதோ ஒரு சட்டத்தால் அளந்து கொடுக்கப்பட்டிருக்கிறது.

அரசமைப்புச் சட்டத்தில் 'போட்டி' என்ற தலைப்பு தனியாக இல்லை. பொதுப்பட்டியலின் 21ஆவது இனமாக 'வணிக, தொழில் முற்றுரிமைகள், கூட்டிணைப்புகள், அறக்கட்டு நிறுவனங்கள்' என்பது இருக்கிறது. ஆகவே நாடாளுமன்றமும் சட்டமன்றமும் இதில் சட்டம் இயற்றலாம். இரண்டும் மோதினால் 254ஆவது பிரிவின்படி நாடாளுமன்றச் சட்டமே செல்லும். மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றிருந்தால் அந்த மாநிலத்தில் மட்டும் அது நிற்கும். தமக்கென்று ஒரு பொதுப் போட்டிச் சட்டத்தை எந்த மாநிலமும் இயற்றவில்லை. மாநிலங்களின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. வேளாண்மை, மாநிலத்துக்குள் நடக்கும் வணிகம், பொருள்களின் உற்பத்தி, வழங்கல், சந்தைகள், மது ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளன. இவற்றின் மேல் மாநிலம் போடும் எந்த ஒழுங்குமுறையும் சந்தையின் வடிவத்தையே தீர்மானித்துவிடுகிறது. இதற்கு மேல் 19(6) பிரிவும் இருக்கிறது. 1951இல் வந்த முதல் திருத்தம், ஒரு தொழிலை அரசே முழுவதுமாக எடுத்து நடத்தலாம், பிறரை அதிலிருந்து விலக்கலாம் என்று அதில் சேர்த்தது. முற்றுரிமையைத் தடுக்க இனம் ஒதுக்கிய அதே அரசமைப்பு, அரசு முற்றுரிமைக்கு வாசலையும் திறந்தே வைத்திருக்கிறது.

போட்டிச் சட்டத்துக்கு முன்பு இருந்தது 1969ஆம் ஆண்டின் முற்றுரிமைகள், கட்டுப்பாட்டு வணிகமுறைகள் சட்டம். தனியார் முதலாளிகள் மிதமிஞ்சி வளர்வதைத் தடுப்பதே அதன் நோக்கம். அரசு நிறுவனங்களை அது 1991 வரை தொடவே இல்லை. 2002 சட்டம் பார்வையை மாற்றியது. ஒரு நிறுவனம் பெரிதாக இருப்பது குற்றமில்லை என்று அது ஏற்கிறது. போட்டியாளர்கள் கூடிப் பேசி விலை வைப்பது, டெண்டரில் ஒத்துப்பேசி ஏமாற்றுவது, சந்தையில் ஆதிக்கம் உள்ளவர் அதைத் தவறாகப் பயன்படுத்துவது, போட்டியை அழிக்கும் அளவுக்கு நிறுவனங்கள் இணைவது ஆகியவற்றையே அது பிடிக்கிறது. விலைக்கூட்டும் ஆதிக்கமும் பற்றிய பிரிவுகள் 2009 மே 20 முதல் நடைமுறையில் உள்ளன.

மாநிலங்களைப் பொறுத்தவரை அந்தச் சட்டத்தில் முக்கியமானது 'நிறுவனம்' என்பதற்கு அது தரும் வரையறை. பொருளையோ சேவையையோ உற்பத்தி செய்யும், விற்கும், வாங்கும் அரசுத் துறையும் அதில் அடங்கும். இறையாண்மை சார்ந்த பணிகளும் அணுசக்தி, நாணயம், பாதுகாப்பு, விண்வெளி ஆகிய துறைகளின் பணிகளும் மட்டும் விலக்கு. கூட்டுறவுச் சங்கமும் உள்ளாட்சி அமைப்பும் அரசு நிறுவனமும் சட்டத்தின் கண்ணில் 'நபர்'களே. ஆக, அரசு சட்டம் இயற்றும்போது ஆணையம் அதன் பக்கம் வர முடியாது. அதே அரசு கடை விரித்தால் வரலாம். ரயில்வே தன் பணி இறையாண்மைப் பணி என்று வாதிட்டபோது டெல்லி உயர் நீதிமன்றம் 2012இல் அதை ஏற்கவில்லை. ரயில் ஓட்டுவது வணிகம் என்றது.

இந்த எல்லைக்கோட்டை இவ்வளவு தெளிவாகப் போட்டுவிட முடியாத இடம் கரும்பு.

கரும்பு விவசாயி தன் கரும்பை விரும்பிய ஆலைக்கு அனுப்ப முடியாது. அத்தியாவசியப் பொருள்கள் சட்டம், 1955இன் கீழ் வந்த கரும்பு (கட்டுப்பாடு) ஆணை, 1966, ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு பகுதியை ஒதுக்க வகை செய்கிறது. அந்தப் பகுதிக்குள் விளையும் கரும்பு அந்த ஆலைக்கே போக வேண்டும். ஆணை ஒன்றிய அரசுடையது. அதிகாரம் மாநில அரசுக்கு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. வரைபடத்தில் கோடு போடுவது சென்னை. கடலூர் மாவட்டத்திலேயே நெல்லிக்குப்பம், பெண்ணாடம், சேத்தியாத்தோப்பு என்று சர்க்கரை ஆலைகள் உருவான ஊர்கள் ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. இருந்தும் ஒரு கிராமத்தின் கரும்பு எங்கே போகும் என்பதை அந்தத் தூரமோ, எந்த ஆலை சீக்கிரம் பணம் கொடுக்கும் என்பதோ தீர்மானிப்பதில்லை. ஒதுக்கீடுதான் தீர்மானிக்கிறது. இதற்கு மேல் 2006இல் வந்த திருத்தம், ஓர் ஆலையிலிருந்து 15 கிலோமீட்டருக்குள் புதிய ஆலை வரக் கூடாது என்றது. ஒன்றிய அரசின் இசைவோடு மாநிலம் அந்தத் தூரத்தை இன்னும் கூட்டலாம். வாங்குபவர் ஒருவர், புதிதாக ஒருவர் வரவும் தடை.

இதற்கு நியாயமான காரணமும் உண்டு. வெட்டிய கரும்பு காத்திருக்காது. நாள் ஆக ஆக எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். ஆலைக்கோ பருவம் முழுக்கத் தடையில்லாமல் கரும்பு வந்தால்தான் அரவை கட்டுப்படியாகும். ஒதுக்கீடு ஆலைக்கு வரத்தை உறுதி செய்கிறது. பதிவு செய்த கரும்பை ஆலை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதால் விவசாயிக்கும் ஓர் உறுதி கிடைக்கிறது. ஒரே வாங்குபவரிடம் விவசாயியைக் கட்டிப்போட்டதற்கு ஈடாகச் சட்டம் விலையையும் தானே வைக்கிறது. 2009 முதல் ஒன்றிய அரசு அறிவிப்பது நியாயமான, லாபகரமான விலை. 2025-26 பருவத்துக்கு 10.25 சதவீதம் சர்க்கரை கிடைக்கும் கரும்புக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். கரும்பு ஆலைக்குப் போன 14 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. போட்டி இருக்கும் சந்தையில் பணம் தராத வியாபாரியிடம் அடுத்த முறை யாரும் விற்கமாட்டார்கள். ஒதுக்கீட்டுப் பகுதியில் அந்தத் தண்டனையை விவசாயி கொடுக்க முடியாது. நிலுவைத் தொகைக்காகத் தமிழ்நாட்டில் கரும்பு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்ததற்கு ஆலைகளின் நிதி நெருக்கடி ஒரு காரணம் என்றால், வேறு ஆலைக்குப் போகும் வழியைச் சட்டம் அடைத்திருப்பது இன்னொரு காரணம். சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 2012இல் தந்த அறிக்கையில் ஒதுக்கீட்டையும் குறைந்தபட்ச தூரக் கட்டுப்பாட்டையும் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. சர்க்கரை விற்பனை மீதான பல கட்டுப்பாடுகள் 2013இல் விலகின. கரும்பின் மேல் போட்ட கோடு அப்படியே இருக்கிறது.

கரும்பு விலையில் ஒன்றியமும் மாநிலமும் மோதிக்கொண்ட வரலாறு நீண்டது. உத்தரப் பிரதேசத்தின் 1953ஆம் ஆண்டுக் கரும்புச் சட்டத்தை எதிர்த்துக் கரும்பு விவசாயிகள் தொடுத்த டிக்கா ராம்ஜி வழக்கில், சர்க்கரைத் தொழில் ஒன்றியத்தின் கட்டுப்பாட்டில் இருந்தாலும் அதன் மூலப்பொருளான கரும்பு வழங்கலை மாநிலம் ஒழுங்குபடுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 1956இல் தீர்ப்பளித்தது. ஒன்றிய அரசின் விலைக்கு மேல் மாநிலம் தனி விலை வைக்கலாமா என்பது அடுத்த சண்டை. ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2020 ஏப்ரலில் அதை முடித்துவைத்தது. ஒன்றியம் வைப்பது குறைந்தபட்ச விலை. மாநிலம் அதற்கு மேலே போகும்வரை இரண்டுக்கும் முரண்பாடு இல்லை. கீழே போனால்தான் முரண்பாடு. தமிழ்நாடு நீண்ட காலம் தன் பரிந்துரை விலையை அறிவித்துவந்தது. பிறகு 2018ஆம் ஆண்டின் கரும்புக் கொள்முதல் விலைச் சட்டத்தின் மூலம் வருவாய்ப் பங்கீட்டு முறைக்கு மாறியது. இப்போது ஒன்றிய விலைக்கு மேல் ஊக்கத்தொகையை அரசே தருகிறது. 2024-25 அரவைப் பருவத்துக்கு அது டன்னுக்கு 349 ரூபாய். ஆலை போட்டியிட்டுத் தர வேண்டிய கூடுதல் விலையை அரசுக் கருவூலம் தருகிறது என்று இதைச் சொன்னால் தவறாகாது.

போட்டிச் சட்டத்தைக் கொண்டு இந்த ஒதுக்கீட்டை உடைக்க முடியுமா என்றால், முடியாது. முரண்படும் பிற சட்டங்களை மீறித் தான் செல்லும் என்று போட்டிச் சட்டத்தின் 60ஆவது பிரிவு சொல்கிறது. அத்தியாவசியப் பொருள்கள் சட்டமும் தன் ஆணைகளைப் பற்றி அதையே சொல்கிறது. போட்டிச் சட்டத்தின் 62ஆவது பிரிவோ, இந்தச் சட்டம் பிற சட்டங்களுக்குக் கூடுதலானது, அவற்றைக் குறைப்பதற்கானது அல்ல என்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆணையத்துக்கு ஒரு சட்டத்தையோ அரசாணையையோ செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் இல்லை. அது உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் செய்ய வேண்டிய வேலை.

ஆனால் ஒதுக்கீடு சட்டப்படி நிற்பதால் ஆலைகள் செய்வதெல்லாம் சட்டப்படியானது என்று ஆகிவிடாது. சட்டம் கட்டாயப்படுத்தியது எதுவோ அதற்குத்தான் பாதுகாப்பு. சட்டம் கொடுத்த இடத்தை வைத்துக்கொண்டு ஆலைகள் தாமாகச் செய்வதற்கு அது கிடையாது. விற்பனை விலையில் மட்டுமல்ல, கொள்முதல் விலையில் கூட்டுச் சேர்வதும் குற்றம் என்று 3ஆவது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. ஆலைகள் தங்களுக்குள் பேசிவைத்து விலையிலோ எடைக் கழிவிலோ ஒரே மாதிரி பிடித்தம் செய்தால் அது விலைக்கூட்டு. ஒதுக்கீட்டுப் பகுதிக்குள் ஒரே வாங்குபவராக இருக்கும் ஆலை நியாயமற்ற நிபந்தனை விதித்தால் அது 4ஆவது பிரிவின் கீழ் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கேள்விக்கு உள்ளாகலாம். ஆதிக்கத்தை அளக்கும்போது கவனிக்க வேண்டியவற்றை 19(4) பிரிவு வரிசைப்படுத்துகிறது. ஒரு சட்டத்தால் கிடைத்த முற்றுரிமையும் அரசு நிறுவனமாக இருப்பதால் கிடைத்த ஆதிக்கமும் அந்த வரிசையில் இருக்கின்றன. அதாவது சட்டமே முற்றுரிமை தரும் நிலையை நாடாளுமன்றம் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்கிறது, அதை விலக்கிவைக்கவில்லை.

இந்தக் கருத்தை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது நிலக்கரி வழக்கில். கோல் இந்தியா நிறுவனத்துக்கு நிலக்கரிச் சுரங்கங்கள் தேசியமயச் சட்டம், 1973இன் மூலம் முற்றுரிமை கிடைத்தது. அது விதித்த எரிபொருள் ஒப்பந்தங்கள் ஒருதலைப்பட்சமானவை, தரம் குறைந்த நிலக்கரி வருகிறது என்று புகார் கொண்டுபோனவர்களில் மகாராஷ்டிரா, குஜராத் மாநிலங்களின் அரசு மின் உற்பத்தி நிறுவனங்களும் இருந்தன. ஒன்றிய அரசு நிறுவனத்தின் மேல் மாநில அரசு நிறுவனங்கள் தொடுத்த புகார் அது. ஆணையம் 2013இல் 1,773 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; மறுவிசாரணைக்குப் பின் 2017இல் அது 591 கோடியானது. பொது நன்மைக்காகச் சட்டத்தால் உருவான முற்றுரிமை நாங்கள், எங்களுக்குப் போட்டிச் சட்டம் பொருந்தாது என்று கோல் இந்தியா வாதிட்டது. 2023 ஜூன் 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை நிராகரித்தது. முற்றுரிமை சட்டப்படி வந்திருக்கலாம். அதை நியாயமாக நடத்தும் கடமையிலிருந்து விடுதலை வராது என்பது தீர்ப்பின் சாரம்.

1956இல் தொடங்கிய நெய்வேலி நிறுவனத்துக்கும் இந்தத் தீர்ப்பு பொருந்தும். நெய்வேலியில் உள்ள 250 மெகாவாட் தனியார் மின் நிலையம், அந்த நிறுவனத்தின் சுரங்கத்திலிருந்து வரும் பழுப்பு நிலக்கரியை நம்பி எழுந்தது. ஈரம் மிகுந்த பழுப்பு நிலக்கரியைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து எரிப்பது கட்டுப்படியாகாது. இப்படி வேறு வழியில்லாத வாடிக்கையாளர் இருக்கும் இடத்தில்தான் ஆதிக்கம் பற்றிய சட்டப்பிரிவுக்கு வேலை வருகிறது. மின்சாரத்தில் இன்னொரு அடுக்கும் உண்டு. மின்சாரச் சட்டம், 2003இன் 60ஆவது பிரிவு, போட்டிக்குக் கேடு செய்யும் மின் நிறுவனங்களுக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மின்சார ஒழுங்குமுறை ஆணையங்களுக்கே தருகிறது. மாநிலத்துக்குள் அந்த வேலை மாநில ஆணையத்துடையது. இரண்டு ஆணையங்கள் ஒரே புகாரைக் கேட்க நேர்ந்தால் யார் முதலில் என்பதற்குத் தொலைத்தொடர்பு வழக்கொன்றில் 2018 டிசம்பரில் விடை வந்தது. துறை சார்ந்த கேள்விகளை அந்தத் துறையின் ஒழுங்குமுறை ஆணையம் முதலில் தீர்க்கட்டும். அதன் பின் போட்டி ஆணையம் வரலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஆணையத்தின் அதிகாரம் பறிபோகவில்லை, முறை மட்டும் பின்னுக்குப் போனது.

மதுவும் லாட்டரியும் மாநிலங்கள் விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கும் துறைகள். தமிழ்நாட்டில் 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய டாஸ்மாக், 2003இல் சில்லறை விற்பனையையும் தனியாக எடுத்துக்கொண்டது. மதுவிலக்குச் சட்டத்தின் வழியாக வந்த முற்றுரிமை அது. அந்த முற்றுரிமையைப் போட்டி ஆணையம் கேள்வி கேட்க முடியாது; எந்தக் கம்பெனியின் சரக்கை எவ்வளவு வாங்குவது என்பதில் பாரபட்சம் காட்டினால் கேட்கலாம். உத்தரகண்டில் அதுதான் நடந்தது. அங்கே வெளிநாட்டு வகை மதுவின் மொத்த விற்பனை உரிமை மாநில வேளாண் விளைபொருள் சந்தைப்படுத்தல் வாரியத்திடம் இருந்தது. வாடிக்கையாளர்கள் கேட்கும் அளவுக்கு ஏற்ப வாங்காமல் தன் விருப்பப்படி வாங்கியது என்று ஆணையம் 2021இல் முடிவு செய்து, வாரியத்துக்கு 1 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மிசோரம் லாட்டரி வழக்கில், விநியோகஸ்தர்கள் ஒத்துப்பேசி ஏலம் கேட்டார்கள் என்ற புகாரை ஆணையம் விசாரிக்கவே கூடாது என்று உயர் நீதிமன்றம் தடுத்தது. லாட்டரி சாதாரண வணிகமே அல்ல என்பது அதன் காரணம். 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. லாட்டரியை ஒழுங்குபடுத்துவது மாநிலத்தின் உரிமை. அந்த டெண்டரில் சதி நடந்ததா என்று பார்ப்பது ஆணையத்தின் வேலை.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் கதை சற்று வேறு. தமிழ்நாடு வேளாண் விளைபொருள் சந்தைப்படுத்துதல் (ஒழுங்குமுறை) சட்டம், 1987, வியாபாரிகள் கூடி விவசாயியை ஏமாற்றாதபடி ஏலத்தையும் எடையையும் பொது இடத்தில் கொண்டுவந்து வைத்தது. போட்டியைக் காப்பதற்காக மாநிலம் போட்ட சட்டம் இது. 2020இல் நாடாளுமன்றம் பொதுப்பட்டியலில் உள்ள உணவுப்பொருள் வணிகம் என்ற இனத்தைப் பிடித்து, விற்பனைக்கூடங்களுக்கு வெளியே மாநிலத்தின் கட்டணமும் கட்டுப்பாடும் இல்லாத வணிகத்தை அனுமதித்தது. வேளாண்மையும் சந்தையும் எங்கள் பட்டியல் என்று மாநிலங்கள் எதிர்த்தன. தமிழ்நாடு சட்டமன்றமும் 2021 ஆகஸ்டில் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு இறுதியில் நாடாளுமன்றத்தின் அந்த வேளாண் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டதால், எந்தப் பட்டியல் வெல்லும் என்ற கேள்விக்கு நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வரவில்லை.

இதே சிக்கலை அமெரிக்கா வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டது. அங்கே ஷெர்மன் சட்டம் 1890இல் வருவதற்கு முன்பே கன்சாஸ் போன்ற மாநிலங்கள் தத்தம் சட்டங்களை இயற்றியிருந்தன. இன்றும் மாநிலச் சட்டமும் கூட்டாட்சிச் சட்டமும் பக்கம்பக்கமாக ஓடுகின்றன. மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் தம் மக்களுக்காகக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். 2020இல் கூகுள் மீது கூட்டாட்சி அரசோடு சேர்ந்து மாநிலங்களும் வழக்குத் தொடுத்தன. தேடுபொறிச் சந்தையில் கூகுள் முற்றுரிமையைச் சட்டவிரோதமாகக் காத்தது என்ற தீர்ப்பு 2024 ஆகஸ்டில் வந்தது. கரும்புக்கு நெருங்கிய அமெரிக்க வழக்கு உலர்திராட்சை பற்றியது. கலிஃபோர்னியா மாநிலம் விவசாயிகளின் உலர்திராட்சையில் ஒரு பகுதியைக் கட்டாயமாக ஒதுக்கிவைத்து விலையைத் தூக்கி நிறுத்தியது. தனியார் செய்திருந்தால் அது அப்பட்டமான விலைக்கூட்டு. மாநில அரசே தன் அதிகாரத்தால் செய்வதை ஷெர்மன் சட்டம் தடுக்காது என்று 1943இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னாளில் அதற்கு ஒரு நிபந்தனை சேர்ந்தது. தனியார் அந்தப் பாதுகாப்பைக் கேட்டால், மாநிலத்தின் கொள்கை தெளிவாக அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். மாநிலம் நேரடியாக மேற்பார்வையும் செய்ய வேண்டும். 2015இல் வட கரோலினாவின் பல் மருத்துவ வாரியம் அந்த நிபந்தனையில் தோற்றது. பல்லை வெளுப்பாக்கும் கடைகளை, தொழிலில் இருக்கும் பல் மருத்துவர்களே நிரம்பிய வாரியம் மூடச் சொன்னது. மாநிலத்தின் மேற்பார்வை அதில் இல்லை.

அரசு மேற்பார்வை செய்கிறதா என்ற அந்தக் கேள்வி இந்தியாவுக்கும் தேவை. ஒரு கரும்புப் பகுதியை ஓர் ஆலைக்கு ஒதுக்கிவிட்டு, 14 நாளில் பணம் போகிறதா என்று பார்க்காமல் இருந்தால், மாநிலம் விவசாயியின் பேரம் பேசும் பலத்தை வாங்கிக்கொண்டு ஒன்றும் தராமல் விட்டதாகவே ஆகும்.

போட்டிச் சட்டத்தை மாநிலங்கள் எதிரியாகப் பார்க்கத் தேவையில்லை. அதிகம் டெண்டர் விடுபவை அரசுகளே. டெண்டரில் ஒத்துப்பேசுவதால் முதலில் ஏமாறுபவையும் அவையே. 19ஆவது பிரிவின்படி மாநில அரசு ஆணையத்துக்குப் பரிந்துரை அனுப்பலாம். உத்தரப் பிரதேச வேளாண் துறை தன் மண் பரிசோதனை டெண்டர்கள் பற்றிப் புகார் செய்ததன் பேரில் ஆணையம் விசாரித்து, 2022இல் ஒத்துப்பேசிய நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது. 49ஆவது பிரிவு இன்னும் பயனுள்ளது. ஒரு கொள்கையை வகுக்கும்போது அது போட்டியை எப்படிப் பாதிக்கும் என்று மாநில அரசு ஆணையத்திடம் கருத்துக் கேட்கலாம். 60 நாளுக்குள் கருத்து வரும். அது மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது. உரிமையை இழக்காமல் ஆலோசனை பெறும் வழி இது. கரும்புப் பகுதி ஒதுக்கீட்டைத் தொடர்வதா, குறைந்தபட்சம் பணம் தராத ஆலையின் பகுதியிலிருந்து விவசாயியை விடுவிப்பதா என்ற கேள்வியைத் தமிழ்நாடு அரசு அந்த வழியாகக் கேட்க வேண்டும்.

விவசாயச் சங்கங்கள் அரசுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். எந்த நபரும், எந்தச் சங்கமும் கட்டணம் செலுத்தி ஆணையத்திடம் தகவல் தாக்கல் செய்யலாம். தென் மாநிலங்களுக்காக ஆணையத்தின் வட்டார அலுவலகம் 2021இலிருந்து சென்னையில் இயங்குகிறது. 2023 திருத்தத்துக்குப் பிறகு, புகாருக்கான காரணம் எழுந்த மூன்று ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே எடைச் சீட்டையும் வெட்டு உத்தரவையும் ஆலை தந்த கணக்குத் தாளையும் பருவம் தவறாமல் எடுத்துவைப்பது நல்லது.